பிரெஞ்சு உணவகத்தில் 'ரி' எல்லாம் சோறு இல்லை

பிரெஞ்சு உணவகத்தில் சுத்தமாகத் தெரியாத சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் 'மெனு'. உணவுப் பட்டியலுக்கு இங்கே 'கார்த்' என்று பெயர். மெனு என்பது ஒரே விலையில் வரிசையாக வரும் முழுச் சாப்பாடு. 'ஒந்த்ரே' தொடக்கத்துக்குச் சின்னத் தட்டு, 'பிளா' முக்கிய உணவு, கடைசியில் 'தெசேர்'. 'ஃபோர்முல்' என்றிருந்தால் பெரும்பாலும் ஒந்த்ரேயும் பிளாவும், இல்லையென்றால் பிளாவும் தெசேரும். மதியத்தில் கையைக் கடிக்காதது 'பிளா து ஜூர்', அன்றைய சமையல். வாசலில் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்.

அரிசிக்கு பிரெஞ்சில் 'ரி'. வந்த புதிதில் 'ரி த வோ' என்று பரிமாறுபவர் சொன்னதும், ஆகா, சோறு என்று தலையாட்டிவிட்டேன். வந்தது கிரீம் குழம்பில் வெள்ளையாக, மெத்தென்று ஏதோ ஒன்று. கன்றுக்குட்டியின் கழுத்துச் சுரப்பியாம்! அந்தச் சுரப்பிக்கும் 'ரி' என்றுதான் பெயர்: அரிசியோடு உச்சரிப்பு ஒன்று, எழுத்துத்தான் வேறு.

மாட்டிறைச்சி 'பெஃப்', கன்று 'வோ', ஆட்டுக்குட்டி 'அன்யோ', பன்றி 'போர்', கோழி 'பூலே'. மரக்கறிக்காரர் சலாத் கேட்கும்போதும் கவனம்: அதில் 'லார்தோன்' கிடந்தால் அது பன்றித் துண்டு. 'அந்துயேத்' பன்றிக் குடலில் செய்த சாசேஜ், மணமே காட்டிக்கொடுத்துவிடும். 'தார்த்தார்' பச்சை மாட்டிறைச்சி, பெரும்பாலும் மேலே பச்சை மஞ்சள் கருவோடு வரும். வேகவைத்துத் தரச் சொல்லிப் பயனில்லை.

ஸ்டேக் கேட்டால் எப்படி வேண்டும் என்பார்கள். 'செஞ்யான்' என்றால் உள்ளே இரத்தச் சிவப்பு. 'ஆ புவான்' நடுத்தரம் என்று பெயர், நம் கண்ணுக்கு அதுவும் பச்சைதான். கூச்சப்படாமல் 'பியான் குயி' என்று சொல்லுங்கள். சமையற்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தண்ணீர் என்று மட்டும் கேட்டால் போத்தல் வந்து பில்லில் ஏறலாம். 'ஊன் கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர், இலவசம். பாணுக்கும் பொதுவாகக் காசில்லை. பில்லில் 'செர்விஸ் கோம்ப்ரி' என்று இருக்கும்: பரிமாறும் கட்டணம் விலையிலேயே சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் மேசையில் ஒன்றிரண்டு யூரோ வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம்.