முதல் தாளில் பிழைத்தால் நட்டஈடு வரை இழுக்கும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் அக்கா ஒருவரின் மகன் புறக்கோட்டையில் புடவைக்கடையொன்றில் வேலை செய்கிறான். ஒருநாள் இரவு கடை பூட்டி வரும்போது இரண்டு பேர் இரும்புக் கம்பியால் தலையில் அடித்து, போனையும் சம்பளக் காசையும் பறித்துக்கொண்டு போனார்கள். அக்கா பொலிஸுக்கு ஓடினார். "நான் தமிழில சொன்னேன் தம்பி, அவர் சிங்களத்தில எழுதினார், நான் சைன் வச்சேன்" என்றார். பல மாதம் கழித்து அந்த முறைப்பாட்டின் பிரதியை வாசித்துப் பார்த்தோம். "தள்ளுப்பட்டு விழுந்ததில் காயம்" என்று இருந்தது. கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆஸ்பத்திரித் தாளோ மொட்டையான ஆயுதத்தால் அடித்த காயம் என்றது. ஒரே இரவைப் பற்றி இரண்டு கதைகள்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவும் அவர்களைப் பாதுகாக்கவும் இலங்கையில் தனிச் சட்டமே இருக்கிறது. 2015இன் 4ஆம் இலக்கச் சட்டம் ஒரு தேசிய அதிகாரசபையையும் ஒரு நிதியத்தையும் உண்டாக்கியது. 2023இல் வந்த 10ஆம் இலக்கச் சட்டம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் நட்டஈடு கேட்டு அந்த வாசலுக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு விண்ணப்பமும் முதல் முறைப்பாட்டைத் தூக்கிக்கொண்டுதான் போகிறது. அதில் பிழைத்தால் பிறகு எல்லாமே இழுபறிதான்.

ஆகவே விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். இது பொலிஸாரோடு முரண்டு பிடிப்பதாகாது. 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் வாயால் சொல்வதை நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களுக்கும் எழுத வராவிட்டால் மட்டும்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டியாக வேண்டும்.

நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: வீட்டிலேயே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். திகதி, நேரம், இடம், யார், எதனால் அடித்தார்கள், உடம்பில் எங்கே பட்டது, என்ன போனது, யார் பார்த்தார்கள். "அடித்தார்கள்" என்று மொட்டையாக எழுதாமல் "இரும்புக் கம்பியால் பின் தலையில் இரண்டு தரம்" என்று எழுதுங்கள். முன்பே பிழையாகப் பதிந்திருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். அக்காவும் அதைத்தான் செய்தார்.

இன்னொன்று, "என்ட்ரி போட்டாச்சு" என்று திருப்தியோடு திரும்பிவிடுவது. அடையாள அட்டை தொலைந்ததற்குப் போடும் பதிவும், விசாரித்து நடவடிக்கை எடுக்கச் சொல்லும் முறைப்பாடும் ஒன்றில்லை. எது பதிந்தார்கள் என்று கேளுங்கள். இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

காயத்தைத் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவதும் நடக்கிறது. மருந்து அங்கேயும் கிடைக்கும், ஆனால் காயத்தைப் பார்த்து வழக்குக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்தியப் பரிசோதனைக்கு அரச ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நாள் போகப் போகக் காயம் ஆறிவிடும், பிறகு அறிக்கையில் எழுத என்ன மிஞ்சும்? உயிருக்கு ஆபத்தென்றால் பொலிஸுக்குப் போய் நிற்காமல் நேரே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கேயே பொலிஸ் காவலரண் இருக்கிறது. வீட்டுக்குள் அடிபட்ட பெண்களுக்கு அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் "மித்துரு பியச" என்ற நட்பு நிலையம் உண்டு. 1938 என்ற மகளிர் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

பெயர் எழுதும் சங்கடம் நம்மவர்களுக்கே உரியது. அடையாள அட்டையில் சிவகுமார், ஆஸ்பத்திரியில் சிவக்குமார், வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் முன்னுக்கு. கலியாணமான பெண்களுக்கு ஓரிடத்தில் தகப்பன் பெயர், இன்னோரிடத்தில் புருஷன் பெயர். எங்கே போனாலும் அடையாள அட்டையை நீட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்துகொண்டு யாழ்ப்பாண முகவரி, கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு ஹட்டன் முகவரி என்றால், வதிவிடக் கடிதத்துக்குக் கிராம உத்தியோகத்தரிடம் அலைய வேண்டி வரும். அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே கேட்பது? இங்கேயும் பலர் வாசல் மாறிப் போகிறார்கள். 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் யுத்தம், அரசியல் கலவரம், காணாமல் ஆக்கப்படுதல் போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. தெருவில் நடந்த கொள்ளைக்கு அங்கே போய் வரிசையில் நின்று பயனில்லை. வழக்கு முடிந்து நீதிமன்றம் கட்டளையிடும் நட்டஈட்டைக் குற்றவாளிதான் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அரசின் உதவிக்கு முதலில் சொன்ன, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான தேசிய அதிகாரசபையிடம் போக வேண்டும். ஆளைப் பிடிக்கவில்லை, வழக்கே இல்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, குற்றம் செய்தவர் அடையாளம் காணப்படாவிட்டாலும், தண்டிக்கப்படாவிட்டாலும் நீங்கள் பாதிக்கப்பட்டவர்தான் என்று இருந்தது. இறந்தவரின் குடும்பத்தினரும் அதில் அடக்கம்.

எனக்கு ஆகப் பெரிய கவலை "சமாதானமாகப் போவோம்" என்று வரும் பேச்சில்தான். சின்னக் கைகலப்பு மத்தியஸ்த சபைக்குப் போவதில் தப்பில்லை. தலை பிளந்த விஷயத்தில் கடை முதலாளியோ ஊர்ப் பெரியவரோ ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாயோடு ஒரு தாளை நீட்டினால், சட்டத்தரணி பார்க்காமல் கைவைக்காதீர்கள். மிரட்டினால் அதுவே தனிக் குற்றம், அதற்குத் தனியாக முறையிட்டுப் பாதுகாப்பும் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது முறைப்பாட்டு இலக்கம், டயக்னோசிஸ் கார்ட், மருந்துப் பில்கள், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள். பார்மசி பில்லில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள்.