செண்பகம் துரைராஜன் விண்ணப்பம் போட்டாரா? சட்ட, சமூக நூல்களை வாசிப்பதில் நேரும் தவறுகள்

இடஒதுக்கீட்டு வரலாற்றைப் பேச வருகிற பலரும் இந்தக் கதையில்தான் தொடங்குவார்கள். செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் நல்ல மதிப்பெண் வாங்கினார், மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பித்தார், வகுப்புவாரி அரசாணையால் இடம் மறுக்கப்பட்டது, வழக்குப் போட்டார், ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது, அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. நானும் பல வருஷம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொந்தக் கற்பனை இல்லை, தடித்தடியான நூல்களில் படித்ததுதான்.

ஒருநாள் வேறு எதற்கோ உச்ச நீதிமன்றத்தின் 1951 ஏப்ரல் 9ஆம் தேதித் தீர்ப்பையே எடுத்து வாசிக்க வேண்டியிருந்தது. நீளமான தீர்ப்பு இல்லை, காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். அதில் பளிச்சென்று இருக்கிறது: அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டதாகத்தான் சொல்லியிருந்தார். நீதிமன்றம் இந்த வழக்கில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் விண்ணப்பிக்காதவர்களும் இப்படி நீதிமன்றம் வரலாம் என்று யாரும் பொருள் கொண்டுவிட வேண்டாம் என்று கையோடு எச்சரித்தும் வைத்தது. மேடையில் நாம் சொல்லும் மதிப்பெண் கதை, கூடவே வழக்குப் போட்ட சீனிவாசன் என்ற மாணவருடையது. அவர் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். கணக்கில் எடுக்கப்படும் விருப்பப் பாடங்களில் 450க்கு 369 வாங்கியிருந்தார்.

இதனால் வழக்கின் முடிவு மாறிவிடாது. 14 இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட அந்த ஆணை செல்லாமல் போனதும், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) அதே ஆண்டு ஜூனில் அரசமைப்பில் சேர்க்கப்பட்டதும் உண்மைதான். என் சங்கடம் வேறு. இரண்டு மனுதாரர்களை ஒரே ஆளாக்கிய நூல்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் அடிக்குறிப்பிலும் தீர்ப்பு இல்லை. இந்த நூல் அந்த நூலைக் காட்டுகிறது, அந்த நூல் இன்னொன்றைக் காட்டுகிறது. குறிப்பு எண்ணைப் பார்த்ததும் 'ஆதாரம் இருக்கிறது' என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பியவன் நான். அந்த எண் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடிப் படிக்கும் வட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. அரசியல், சட்டம், சமூகவியல் என்று கலந்து படிப்போம். இத்தனை வருஷத்தில் நான் கண்டது, நாங்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் நூலின் நடுப்பகுதி புரியாததால் இல்லை. முதல் பத்துப் பக்கத்தையும் கடைசி ஐம்பது பக்கத்தையும் தள்ளிவிட்டு நேரே நடுவில் குதிப்பதால்தான். பதிப்புப் பக்கம், முன்னுரை, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு எல்லாம் பேராசிரியர்களுக்கு என்று ஒரு நினைப்பு.

பதிப்புப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் நடைபாதைக் கடையில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கான உரைநூல் ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். இணையத்தில் புண்படுத்தும் பதிவு போடுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவைப் பற்றி அதில் ஒரு இயலே இருந்தது. அதை வைத்துக்கொண்டு தெருக்காரர் ஒருவரிடம் 'இப்படியெல்லாம் பதிவு போட்டால் மூன்று வருஷம் உள்ளே இருக்கணும்' என்று பயமுறுத்தியும் வந்துவிட்டார். அந்தப் பிரிவை 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தாயிற்று. நண்பரைச் சொல்லிக் குற்றமில்லை. ரத்தான அதே பிரிவில் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிவதைக் கேட்டு 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது.

சட்ட நூல் பால் பாக்கெட் மாதிரி, முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். சொத்துரிமை அடிப்படை உரிமை என்று ஒரு நூல் சொன்னால் அது 1978ஆம் ஆண்டு 44ஆவது திருத்தத்துக்கு முந்தையது. இந்திய தண்டனைச் சட்டத்தை நடைமுறைச் சட்டமாகப் பேசும் நூல், அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்பு எழுதியது. ஒரு சட்டத்தை அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் போட்டுவிட்டால் நீதிமன்றம் தொடவே முடியாது என்று எழுதியிருந்தால், அது 2007க்கு முந்தைய சரக்கு. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த சட்டங்களை, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம் என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2007இல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் அட்டவணைக்குள் போனது 1994இல். ஆனாலும் 'ஒன்பதாவது அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது, யாரும் கை வைக்க முடியாது' என்ற வாக்கியம் இன்னும் மேடைகளில் உலவுகிறது.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. நூலில் பேசுவது யார் என்று கவனிக்காமல் விடுவது. அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று அந்த 1973 ஏப்ரல் 24இல் தீர்ப்பான கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புகள், முடிவு 7க்கு 6. பெரும்பான்மையின் கருத்து இதுதான் என்று தொகுத்த தாளில் 13 பேரில் 9 பேர்தான் கையெழுத்திட்டார்கள். இப்படிப்பட்ட தீர்ப்பிலிருந்து ஒரு பத்தியை உருவி 'கேசவானந்தாவில் உச்ச நீதிமன்றம் சொன்னது' என்று எழுதினால், அது தோற்ற தரப்பு ஆறு பேரில் ஒருவர் எழுதியதாக இருக்கக்கூடும். அந்த வரிக்கு மேலே எந்த நீதிபதியின் பெயர் இருக்கிறது என்று பார்க்க அரை நிமிஷம் ஆகுமா?

அதற்காக மாறுபட்ட தீர்ப்பைப் படிக்காமல் தள்ளுவதும் தப்பு. நெருக்கடி நிலையின்போது, 1976இல், சட்டவிரோதமாகச் சிறையில் அடைத்தாலும் நீதிமன்றம் போக முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் அதை ஏற்க முடியாது என்று தனியாக நின்றார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவரான எம்.எச். பெக்குக்குப் போனது, கன்னா ராஜினாமா செய்தார். 2017 ஆகஸ்டில் அந்தரங்க உரிமை வழக்கில் பழைய தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படி எழுதிய டி.ஒய். சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். 1980களில் அச்சான நூலில் கன்னாவின் பக்கங்களைத் 'தோற்ற கருத்து' என்று தாண்டிப்போனவர் பிற்காலத்துச் சட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்.

அரசியல் நூல்களில் இதன் மறுபக்கம், பாதி மேற்கோள். 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில் அம்பேத்கர், இந்த அரசமைப்புச் சட்டத்தை எரிக்க முதல் ஆளாக வரத் தயார், இது யாருக்கும் பொருந்தவில்லை என்றார். இந்த வரியை அரசமைப்புச் சட்டத்தைப் பிடிக்காதவர்களும் எடுத்துப் போடுகிறார்கள், அம்பேத்கரைப் பிடிக்காதவர்களும் எடுத்துப் போடுகிறார்கள். 1955 மார்ச்சில் அதே அவையில் ஓர் உறுப்பினர் 'ஏன் அப்படிச் சொன்னீர்கள்' என்று கேட்டபோது அவர் தந்த விளக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. தேவன் குடியேறுவதற்காகக் கோயில் கட்டினோம், அதற்குள் அசுரன் வந்து உட்கார்ந்துகொண்டால் இடிப்பதைத் தவிர வேறென்ன செய்வது என்பது அந்தப் பதிலின் சாரம். இதையும் சேர்த்துப் படித்த பிறகு ஒருவர் அம்பேத்கரோடு முரண்படலாம், தாராளமாக. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முரண்படுவது வெறும் வம்பு.

சமூகவியல் நூல்களுக்கு வருகிறேன். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' 1965இல் வந்தது, தஞ்சை மாவட்டத்து ஸ்ரீபுரம் என்ற ஊரைப் பற்றியது. எங்கள் வட்டத்தில் ஒருவர் கூகுள் வரைபடத்தில் ஸ்ரீபுரத்தைத் தேடி வேலூர்ப் பொற்கோயிலில் போய் நின்றார்! அது புனைபெயர். ஊர்க்காரர்களைக் காப்பாற்ற ஆய்வாளர்கள் இப்படிப் பெயர் மாற்றுவது வழக்கம்தான். அதைவிட முக்கியமானதை பெத்தே தானே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில், ஒரு பிராமணர் வீட்டில். பிராமணரல்லாத வெளியாள் ஒருவருக்கு அப்படி இடம் கொடுத்தது அதுவே முதல்முறை என்று அவரிடம் சொன்னார்களாம். உடை, தோற்றம், இருப்பிடம் மூன்றையும் பார்த்த மற்றத் தெருக்காரர்களுக்கு அவர் இன்னொரு வடநாட்டுப் பிராமணர். அதனால் அந்தத் தெருக்களில் தன்னால் அவ்வளவாகப் புழங்க முடியவில்லை, அங்கே கிடைத்த தகவல் தரத்தில் குறைந்ததுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதைப் படித்துவிட்டு உள்ளே போனால் அக்கிரகாரத்தைப் பற்றிய பக்கங்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, ஆதிதிராவிடர் தெருவைப் பற்றியவை ஏன் தூரத்திலிருந்து பார்த்ததுபோல் இருக்கின்றன என்று விளங்கும். படிக்காமல் போனவர், 1961-62இல் ஓர் ஊரின் ஒரு தெருவிலிருந்து தெரிந்ததை 'தமிழகச் சாதி அமைப்பு' என்று எழுதிவிடுவார். எழுதியும் இருக்கிறார்கள்.

தமிழில் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் வேறு, செக்‌ஷன் வேறு. நம் செய்தித்தாள்களில் இரண்டும் 'பிரிவு'. 'பிரிவு 14' என்றால் அரசமைப்பினுடையதா, வேறேதோ சட்டத்தினுடையதா என்பது சூழலைப் பார்த்துத்தான் தெரியும். இலங்கைத் தமிழில் 'உறுப்புரை' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள், பொறாமையாக இருக்கிறது. இதைவிட மோசம் 'ஸ்டேட்' என்ற சொல். சில மொழிபெயர்ப்புகளில் கண்ணை மூடிக்கொண்டு 'மாநிலம்' என்று போட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் முன் சமத்துவத்தை 'மாநிலம்' மறுக்கக் கூடாது என்று படிக்கும் மாணவர், அப்படியானால் மத்திய அரசு மறுக்கலாமா என்று கேட்டால் தப்பு அவருடையது இல்லை. அரசமைப்பின் 12ஆவது உறுப்பின்படி (ஆர்ட்டிகிள்) அந்தச் சொல்லுக்குள் மத்திய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசுகள், சட்டமன்றங்கள், உள்ளாட்சிகள் எல்லாம் அடக்கம். 'அரசு' என்று வாசித்துக்கொண்டால் வாக்கியம் நேராகிவிடும்.

மூலத்தைப் பார்க்க வசதியில்லை என்ற சாக்கு இப்போது எடுபடாது. அரசமைப்பு அவை விவாதங்கள் முழுவதும் இணையத்தில் இருக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 முதல் அந்த நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் என்ற இணையத் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம், சிலவற்றுக்குத் தமிழாக்கமும் கிடைக்கிறது.

செண்பகம் கதையைத் தப்பாகச் சொன்ன பழைய நூல்களை நான் தூக்கிப் போடவில்லை. மற்றபடி நல்ல நூல்கள். ஒன்றில் அந்தப் பத்தியின் ஓரத்தில் 'விண்ணப்பம் போடவில்லை. 369 சீனிவாசனுடையது' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். போன மாதம் அதை இரவல் வாங்கிப்போன கல்லூரிப் பையன் திருப்பித் தந்தபோது, என் குறிப்புக்குக் கீழே அவன் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'தீர்ப்பில் எந்தப் பக்கம், சார்?'