வாசலில் ஊதச் சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

ஏற்காட்டில் சீசன் நெருங்கினால் பார் உள்ள ஓட்டல்களின் வாசலில் புதுப் பையன்கள் வந்து நிற்பார்கள். ஏற்கெனவே அதிகம் குடித்துவிட்டு வருகிறவர்களை வாசலிலேயே கண்டுபிடிக்க, மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் ஊதும் மெஷினைக் கையில் கொடுத்ததும் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்ட நினைப்பு வந்துவிடும். சார்ஜ் போடுவது, ஆளுக்கு ஒரு புதுக் குழாய் மாற்றுவது எல்லாம் முதல் நாளே பழகிவிடும். அதைத் தாண்டி, வருஷா வருஷம் அலுக்காமல் செய்யும் தவறுகள் சில உண்டு.

வந்த வேகத்தில் ஊத வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். சேலத்திலேயே சரக்கு வாங்கி, கடைசி ரவுண்டை எங்கள் பார்க்கிங்கில் காருக்குள் முடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி வருகிறார்கள். பையன் உடனே குழாயை நீட்டுகிறான். அந்த நேரத்தில் வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலையும் மெஷின் சேர்த்தே அளக்கும். ஒரு மடக்கு குடித்தவருக்கும் ரீடிங் எகிறும். மவுத்வாஷ் கொப்பளித்தாலும் அப்படித்தான். கடைசி மடக்குக்குப் பிறகு 15 நிமிடமாவது போக வேண்டும். நடுவில் ஏப்பமோ வாந்தியோ வந்தால் மறுபடி முதலிலிருந்து 15.

ஒரு கோடை விழா நெரிசலில் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் ஊதியதும் 212, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு 212 மில்லிகிராம் ஆல்கஹால். பையன் அதை உரக்கப் படித்தான். “மச்சான், டபுள் செஞ்சுரி!” என்று கூட வந்தவர்கள் கைதட்ட, அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஒரே ஒரு பீர்தாண்ணா, இருந்து மறுபடி ஊதறேன்” என்று அங்கேயே நின்றார். கால் மணி கழித்து ஊதினால் 58. சரி, அப்புறம் அந்த மெஷினை யார் மதிப்பார்கள்? வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இரண்டாவது தடவை கேட்டார்கள். தள்ளுமுள்ளில் வரவேற்பறைக் கண்ணாடிக் கதவு போனது. ரகளை வேண்டாம் என்று வாங்கிய மெஷின் ரகளையைக் கிளப்பிவிட்டது.

நேரம் எழுதிய டோக்கன் கொடுத்து உட்கார வையுங்கள். அந்த 15 நிமிடத்தில் நடை, பேச்சு, கண் எல்லாம் தெரிந்துவிடும். பாதிப் பேருக்கு மெஷினே தேவைப்படாது.

எண்ணைச் சத்தமாகப் படிப்பது

மேலே உள்ள கதையே போதும்.

30-ஐ வாசலுக்கும் வைப்பது

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு ஓட்டுநருக்கு வைத்த வரம்பு. பாருக்கு வருகிறவர் குடிக்கத்தான் வருகிறார். 30-ல் நிறுத்தினால் கல்லாவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். இங்கிலாந்தில் டார்கீ நகரத்தில் 2014-ல் போலீஸ் வாசல் காவலர்களுக்கு இந்த மெஷினைக் கொடுத்தபோது, ஓட்டுநர் வரம்பைப் போல இரு மடங்கை அளவுகோலாக வைத்தார்கள். அங்கே ஓட்டுநர் வரம்பே 80 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை வடிகட்டுவதுதான் நோக்கம்.

“25தான், ஓட்டிட்டுப் போலாம் சார்”

இதைச் சொல்லவே கூடாது. கடைசி லார்ஜ் உள்ளே போன பிறகும் அரை மணி, ஒரு மணி வரை ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். வாசலில் 25 காட்டியவர் அடிவாரம் போய்ச் சேருவதற்குள் 30-ஐத் தாண்டியிருக்கலாம். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், இரவில் பனிமூட்டம் வேறு. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். குடித்தவர் கேட்டால் ரூம் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் டிரைவர் ஏற்பாடு செய்யுங்கள். எண்ணைப் பார்த்து அனுமதி கொடுப்பது நம் வேலையில்லை.

ஊத மாட்டேன் என்பவரைக் கட்டாயப்படுத்துவது

உள்ளே விடாமல் இருக்கலாம். அதோடு சரி.

மலிவு மெஷின்

செமிகண்டக்டர் சென்சார் உள்ள மலிவு வகை சென்ட்டுக்கும் சிகரெட் புகைக்கும்கூட எண் காட்டும். ஆல்கஹாலை வேதிவினையால் அளக்கும் ஃபியூயல் செல் வகையை வாங்கச் சொல்லி முதலாளியிடம் அடம்பிடியுங்கள். அதுவும் மலைக் குளிரில் மந்தமாகும். மேஜைமேல் போடாமல் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலிபரேஷன் (அளவு சரியா என்று பார்த்துத் திருத்திய) தேதியை மெஷின்மேலேயே ஒட்டிவிட்டால், தகராறு செய்பவரிடம் காட்ட வசதி.