ஒப்புதல் இல்லாத வரைபடம் தளத்துக்கு வந்தபோது: என் அனுபவம்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் நான் திட்ட மேலாளராகப் பொறுப்பேற்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், பொதுக்கூடத்தைச் சுருக்கி வண்டி நிறுத்துமிடத்தை விரிவாக்கும் திருத்திய வரைபடம் ஒன்று, எந்த ஒப்புதலும் பெறாமலே மேஸ்திரியின் கைக்கு வந்துவிட்டது. வேலை நிற்கக் கூடாது என்பதே உரிமையாளர் தரப்பின் கவலை.

ஆனால் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆவது பிரிவு, அனுமதிக்கப்பட்ட வரைபடத்திலோ பொதுப் பகுதியிலோ இத்தகைய மாற்றம் செய்யும் முன், கட்டி விற்பவரைத் தவிர்த்து, வீடு ஒதுக்கப்பட்டவர்களில் குறைந்தது மூன்றில் இரு பங்கினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒருவர் தம் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் எத்தனை வீடுகள் வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்கில் அவர் ஒருவரே. இதைப் பலரும் கவனிப்பதில்லை. விற்பனைப் பிரிவு எனக்குத் தந்த பட்டியலும் வீடுகளைத்தான் எண்ணியிருந்தது, ஆட்களை அல்ல.

அந்தப் பகுதியின் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, பட்டியலை ஆள்வாரியாக மாற்றி எழுதினேன். பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒரே தாளில் அருகருகே அச்சிட்டு, ஒப்புதல் படிவத்துடன் ஒவ்வொருவருக்கும் அனுப்பினோம். தாம் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பது, சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வெளிநாட்டில் இருந்தவர்களின் பதிலுக்குத்தான் அதிகம் காத்திருக்க நேர்ந்தது. தேவையான ஒப்புதல் சேர்ந்தபின் திருத்திய திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகே வேலையைத் தொடர்ந்தோம்.

இப்போது எங்கள் வரைபடப் பதிவேட்டில் ஒப்புதலுக்கும் அனுமதி எண்ணுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. இரண்டும் நிரம்பாத வரைபடத்தைத் தளப் பொறியாளர் அச்செடுப்பதில்லை.