விண்டா, வைண்டா?

ஆங்கிலத்தில் காற்றுக்கு விண்ட், இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். ஆனால் அதே எழுத்துகளை வைண்ட் என்றும் படிப்பார்கள், அப்போது சுற்றுவது, முறுக்குவது என்று அர்த்தம். பெயர்ச்சொல் என்றால் விண்ட், வினைச்சொல் என்றால் வைண்ட் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். முக்கால்வாசி இடத்தில் அது சரிவரும். ஆனால் பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டி ஏப்பம் விட வைப்பதை பிரிட்டனில் 'விண்ட் த பேபி' என்கிறார்கள். அது வினைச்சொல்தான், உச்சரிப்பு மட்டும் விண்ட். அங்கே போய் வைண்ட் என்றால் குழந்தைக்குச் சாவி கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் இலக்கணத்தை விட்டுவிட்டு அர்த்தத்தைப் பிடியுங்கள்: காற்று, மூச்சு, வாயு என்றால் விண்ட், எதையாவது சுற்றினால் வைண்ட்.

இரண்டாவது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். மோட்டார் வைண்டிங் கடை இல்லாத ஊர் எது? செம்புக் கம்பியைச் சுற்றுகிற வேலை, அவ்வளவுதான். கேசட்டை ரீவைண்ட் செய்ததும், கடையை 'வைண்டப்' பண்ணிவிட்டதாகச் சொல்வதும் இதே சொல்தான். இறந்தகாலத்தில் மட்டும் கவனம் தேவை. சுற்றினான் என்றால் வௌண்ட். அதே எழுத்துகளுக்குக் காயம் என்றும் ஒரு பொருள் உண்டு, அப்போது வூண்ட். 'விண்டட்' இந்த இரண்டோடும் சேராது, அது மூச்சு வாங்குவது. மாடிப்படி ஏறியதும் வருமே, அது.

நம்மவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம் 'ஹெவி விண்ட்'. மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். எச்சரிக்கை அறிவிப்புகளில் 'ஹை விண்ட்ஸ்' என்று பன்மையில் வரும், அதுவும் சரிதான்.

அப்புறம் திசை. 'வெஸ்ட் விண்ட்' என்றால் மேற்கே போகிற காற்று இல்லை, மேற்கிலிருந்து வருகிற காற்று. இது நமக்குச் சுலபம், தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை என்று நாமும் வருகிற திசையை வைத்துத்தானே பெயர் சொல்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கும் அதே கணக்கு. சிக்கல் போனில் பார்க்கிற வானிலை ஆப்பில்தான். பல ஆப்களில் அம்புக்குறி காற்று போகிற பக்கம் காட்டும், பக்கத்திலேயே எழுத்து வருகிற பக்கத்தைச் சொல்லும். இரண்டும் எதிரெதிராக இருந்தால் ஆப் கெட்டுப்போகவில்லை, எழுத்தை நம்புங்கள்.

வேகம் சொல்லும்போது விண்ட் ஸ்பீட் என்பது சில நிமிடங்களின் சராசரி, 'கஸ்ட்' என்பது நடுவில் சில விநாடி தூக்கியடிக்கிற வேகம், அதனால் கஸ்ட் எண் எப்போதும் கூடுதலாக இருக்கும். மாடியில் தகரக் கூரை போட்டவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான். காற்றை 0 முதல் 12 வரை தரம் பிரிக்கும் போஃபர்ட் அளவில் 8க்கு 'கேல்' என்று பெயர், மணிக்கு 62 கிலோமீட்டரில் தொடங்கும். நம் வானிலைத் துறை புயல் என்று அறிவித்துப் பெயர் வைப்பதும் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான்.

வழக்குத்தொடர்களில் 'காட் விண்ட் ஆஃப் இட்' என்றால் காற்றுவாக்கில் காதில் விழுந்தது, அப்படியே நம் பேச்சு மாதிரி. 'செகண்ட் விண்ட்' என்றால் ஓய்ந்துபோனவனுக்கு மறுபடி தெம்பு வருவது. 'லாங்-விண்டட்' என்றால் வளவளவென்று பேசுகிறவர். ஆளின் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள்.

செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் 'ஹெட்விண்ட்' என்றால் எதிர்க்காற்று, தொழிலுக்குத் தடை. 'டெயில்விண்ட்' அதற்கு நேர்மாறு. விமானத்துக்கு மட்டும் தரையிலிருந்து கிளம்பும்போதும் இறங்கும்போதும் எதிர்க்காற்றுதான் நல்லது, அது செய்தித்தாளுக்குப் பொருந்தாது. 'விண்ட்ஃபால்' என்றால் முதலில் காற்றில் தானாக உதிர்ந்த பழம், இப்போது உழைக்காமல் கைக்கு வந்த பணம். கச்சா எண்ணெய் விலை ஏறியபோது 2022 ஜூலையில் மத்திய அரசு போட்டு 2024 டிசம்பரில் எடுத்துவிட்ட 'விண்ட்ஃபால் டாக்ஸ்' இந்த அர்த்தத்தில் வந்ததுதான், காற்றாலைக்குப் போட்ட வரி இல்லை.