நாலு ஏரியா, ஒரே படிவம்: சென்னையில் வாழ்க்கைத் தரக் கள ஆய்வு

இளங்கலைப் புவியியல் பிள்ளைகள் கள ஆய்வுக்குத் தலைப்பு கேட்டு வந்தால், நகரத்தின் சில பகுதிகளில் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடச் சொல்வேன். பஸ் காசைத் தவிரப் பெரிய செலவு இல்லை. ஆனால் பலரும் பணக்கார ஏரியா ஒன்று, ஏழை ஏரியா ஒன்று என்று எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே எழுதியிருக்கக்கூடிய முடிவோடு திரும்பி வருகிறார்கள். அதற்கு வெயிலில் அலைய வேண்டியதில்லை.

நான் சொல்லும் இடங்கள் மந்தைவெளி, கோட்டூர்புரம், கண்ணகி நகர். கோட்டூர்புரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பங்களாத் தெருக்கள் தனி, அடையாற்றை ஒட்டிய அரசு வாரியக் குடியிருப்பு தனி. பெயர் ஒன்றுதான், சராசரி எடுத்தால் இரண்டு பேருடைய வாழ்க்கையும் அதில் காணாமல் போய்விடும். கண்ணகி நகர் 2000-லிருந்து உருவானது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பலரைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். ஆக நாலு ஏரியா. ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களை வரைபடத்தில் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுங்கள். நிழல் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது என்று இடம் பிடிக்கக் கூடாது.

முதல் கருவி, சுற்றுப்புறத் தர மதிப்பெண் படிவம். குப்பை, நடைபாதை, சத்தம், மரம், தெருவிளக்கு, கட்டட நிலை என்று தலைப்புகள் போட்டு −2 முதல் +2 வரை மதிப்பெண். எண் மட்டும் இருந்தால் போதாது, எண்ணுக்கு எதிரே விளக்கமும் வேண்டும். குப்பைக்கு +2 என்றால் தரையில் எதுவும் இல்லை. 0 என்றால் தொட்டியைச் சுற்றி மட்டும். −2 என்றால் நடப்பவர் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்று, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மதிப்பெண்ணைப் பேசிச் சரிக்கட்டாதீர்கள், விளக்கத்தைத் திருத்துங்கள். இந்தச் சோதனையைக் கல்லூரி வாசல் தெருவிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இந்தப் படிவம் எங்கே ஏமாற்றும் என்று பார்க்கக் கண்ணகி நகரைவிட நல்ல இடம் இல்லை. 2020-இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைந்தார்கள். உண்மையிலேயே அழகாக இருக்கின்றன. ‘தோற்றம்’ என்று ஒரு தலைப்பு வைத்திருந்தால் ஓவியச் சுவருக்கு எதிரே நிற்கும் பிள்ளைகள் +2 போட்டுவிடுவார்கள். படியேறும் இடத்தில் விளக்கு எரிகிறதா, கழிவுநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்பதை அந்த +2 சொல்லாது. அதனால் பார்த்தது, எண்ணியது, கேட்டது மூன்றையும் தனித்தனித் தாளில் வையுங்கள். அவை ஒன்றோடொன்று முரண்படும் இடம்தான் உங்கள் ஆய்வு.

எண்ணுவதற்கு பஸ் நிறுத்தத்தில் காலை 7 முதல் 8 வரை நில்லுங்கள். வரும் பஸ்களைச் சாதாரணக் கட்டண பஸ், மற்றவை என்று பிரித்துக் குறியுங்கள். 2021 முதல் பெண்களுக்கு இலவசம் சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான். பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் நகரத்துக்குள் போகும் பெண்ணுக்கு, டீலக்ஸ் எத்தனை வந்தாலும் கணக்கு வேறு. அடுத்தது தண்ணீர். வாசலில் வரிசை கட்டிய பிளாஸ்டிக் குடங்கள், அடிபம்பு, லாரித் தண்ணீர் பிடிக்கும் கறுப்புத் தொட்டி, வாசலில் கேன், இவற்றை எண்ணினாலே பாதிக் கதை வந்துவிடும். ரேஷன் கடை, மருந்துக்கடை, அங்கன்வாடிக்கு நடந்து எத்தனை நிமிடம் என்பதையும் சேருங்கள்.

கேட்கும்போது “உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?” என்று ஆரம்பித்தால் “ஏதோ போகுது”தான் பதில். “அக்கா, நேத்து தண்ணி எத்தனை மணிக்கு வந்துச்சு? கடைசியா உடம்பு சரியில்லாதப்ப எங்க போனீங்க? இங்க வந்து எத்தனை வருஷமாச்சு?” என்று கேளுங்கள். வருமானம் கேட்க வேண்டாம். பொய்யும் வரும், கோபமும் வரும். பங்களாத் தெருவில் காவலாளியிடம் மட்டும் பேசிவிட்டு ‘குடியிருப்போர் கருத்து’ என்று எழுதுவது மோசடி. கதவு திறக்காவிட்டால் ‘பதில் இல்லை’ என்று எழுதுங்கள், அதுவும் தரவுதான். வீட்டுக்குள்ளும் குழந்தைகள் முகத்தையும் படம் எடுக்காதீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் வீட்டு வசதி அட்டவணைகள் இருக்கின்றன. அப்போது மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்தான்; 426 ஆனது அதன் பிறகு. கண்ணகி நகர் இருக்கும் ஒக்கியம் துரைப்பாக்கத்தைச் சென்னைக் கோப்பில் தேடினால் கிடைக்காது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாருங்கள்.

அப்புறம் கணக்கு. பன்னிரண்டு இடங்களையும் படிவ மதிப்பெண்படியும் மருந்துக்கடைக்கு நடக்கும் நேரத்தின்படியும் வரிசைப்படுத்தி, ஸ்பியர்மேன் தரவரிசை ஒட்டுறவு (இரண்டு வரிசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்) போடலாம். பன்னிரண்டுக்கு, 5% மட்டத்தில் (தற்செயலாக வர நூற்றில் ஐந்துக்கு மேல் வாய்ப்பில்லை என்ற அளவில்), சுமார் 0.59-ஐத் தாண்டினால்தான் பேச வேண்டும். நாலு ஏரியாவுக்கு நாலு சராசரியை வைத்து இதைப் போடாதீர்கள், நாலு எண் இதற்குப் போதாது.

அட்டவணைக்கு மேலே ஆய்வு நடந்த மாதத்தை எழுதுங்கள். ஜனவரியில் எண்ணிய குடமும் மே மாதத்தில் எண்ணிய குடமும் ஒன்றல்ல.