அயல்நாட்டுக் காட்டில் காளான் தேடுவோர் செய்யும் தவறுகள்

நல்ல மழை பெய்து ஓய்ந்து சில நாள் போனால், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களும் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிறார்கள். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. "தெரியாத காளானைத் தின்னாதே" என்ற பாடத்தை இங்கே விட்டுவிடுகிறோம். தெரியாததை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. தெரியும் என்று நம்பியதைத்தான் ஏற்றுகிறார்கள்.

"இது எங்கள் ஊரிலும் முளைக்குமே!"

எத்தனை முறை சொன்னாலும் தொடர்கிற, பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிற தவறு இது. ஆசியாவில் வளர்ந்த பலருக்கு வைக்கோல் காளான் சிறு வயதுப் பழக்கம். முட்டை மாதிரி மொட்டு. அது கிழிந்து குடை மேலே வந்ததும் தண்டின் அடியில் ஒரு பை தங்கிவிடும். டெத் கேப் என்னும் கொலைகாரக் காளானும் அதே முட்டையிலிருந்துதான் வருகிறது, அதே பையைத்தான் அடியில் விடுகிறது. ஐரோப்பாவைச் சேர்ந்த இது, மரங்களின் வேரோடு கடல் கடந்து கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேரூன்றிவிட்டது. கலிபோர்னியாவில் குடியேறிய தென்கிழக்காசியக் குடும்பங்கள் இப்படி ஏமாந்திருக்கின்றன. கான்பெராவில் 2011-ன் கடைசி இரவு இதைச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் இருவர், 2012 ஜனவரி தொடக்கத்தில் இறந்துபோனார்கள்.

நாக்கு காப்பாற்றாது. பிழைத்தவர்கள் பலர் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். வேகவைத்தாலும், உலர்த்தினாலும், உறைய வைத்தாலும் இதன் அமாடாக்சின் நஞ்சு அழியாது. நன்கு வளர்ந்த ஒரே ஒரு காளான் ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

வேறுபாடுகள் இருக்கின்றன, தேடினால்தான் தெரியும். வைக்கோல் காளான் மட்கும் வைக்கோலிலும் குப்பையிலும் வளரும். தண்டில் வளையம் இருக்காது. டெத் கேப் உயிருள்ள மரத்தின் வேரோடு, பெரும்பாலும் ஓக் மரத்தடியில், ஒட்டி வாழும். தண்டில் பாவாடை போன்ற வளையம் இருக்கும். ஆனால் மழையில் அந்த வளையம் உதிர்ந்துவிடுவது உண்டு. ஆகவே வளையம் இல்லை என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தண்டைக் கத்தியால் மண்மட்டத்தில் அறுப்பவர்கள் முக்கியமான சாட்சியை, அதாவது அடிப்பையை, மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அடையாளம் காணும்வரை, கத்திமுனையால் சுற்றிலும் மண்ணை நெம்பி முழுதாக எடுங்கள்.

அடுத்தது வித்துத்தூள் சோதனை. தண்டை நீக்கி, குடையின் மடிப்புகள் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடுங்கள். இரவு முழுக்க இருக்கட்டும். காலையில் படிந்த தூள் இளஞ்சிவப்பென்றால் வைக்கோல் காளானாக இருக்கலாம். வெள்ளை என்றால் அப்படியே குப்பைக்கு. இளஞ்சிவப்பு வந்தாலும் அது சமைக்க அனுமதி இல்லை, ஒரு சந்தேகம் குறைந்தது, அவ்வளவுதான். மடிப்புகளின் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இளசில் இரண்டுக்குமே அவை வெள்ளைதான். விரியாத மொட்டு தூள் உதிர்க்காது என்பதால், அந்நிய மண்ணில் மொட்டைப் பறிக்கவே பறிக்காதீர்கள்.

சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருப்பது

டெத் கேப் தின்றவருக்கு ஆறு மணி நேரமாவது, பெரும்பாலும் அதற்கும் மேல், ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு நாள் கழித்துத் தெளிந்ததுபோல் இருக்கும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். அறிகுறிக்குக் காத்திராமல், சந்தேகம் வந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர எண் 112. சமைக்காத காளான் ஒன்றைத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால், எந்த நஞ்சு என்பதை மருத்துவர்கள் விரைவில் அறியலாம்.

கைப்பேசிச் செயலி

பெயரை ஊகிக்க மட்டும். சமைக்க அல்ல.

பழைய கையேடு

உண்ணத்தக்கது என்று ஒருகாலத்தில் அச்சிட்டவை இன்று அப்படி இல்லை. பிரான்சில் பெரிதும் விரும்பி உண்ணப்பட்ட டிரிக்கோலோமா என்னும் வகையைச் சேர்ந்த ஒரு மஞ்சள் காளான், தசைகளைச் சிதைத்து உயிரையும் பறித்தது 2001-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. உள்ளூர்ப் பழக்கத்தையும் பாதியாகக் கற்காதீர்கள். பின்லாந்துக் கடைகளில் பொய் மோரல் என்னும் நச்சுக் காளானை விற்கிறார்கள். ஆனால் நிறைய நீரில் இருமுறை கொதிக்கவைத்து, நீரைக் கொட்டி, அலசிய பிறகே அதை உண்பார்கள். கொதிக்கும் ஆவியிலும் நஞ்சு உண்டு, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவது

வகைக்கு ஒரு தாள் பை. பிளாஸ்டிக் பையில் காளான் வியர்த்து அழுகும். உடைந்த ஒரு நச்சுத் துண்டு கூடையையே கெடுக்கும்.

சட்டம் கேட்காமல் நுழைவது

பின்லாந்திலும் சுவீடனிலும் பிறருக்குச் சொந்தமான காட்டுக்குள்ளும் பறிக்கலாம். இத்தாலியில் 1993-ம் ஆண்டுச் சட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று கிலோ. பல பகுதிகளில் அனுமதிச் சீட்டும் வேண்டும். அங்கே பொது சுகாதாரத் துறையின் காளான் ஆய்வாளர்களும், சுவிட்சர்லாந்தில் காளான் சோதனை நிலையங்களும் பறித்ததைப் பார்த்துச் சொல்வார்கள். கூடை முழுவதையும் காட்டுங்கள், அழகான இரண்டை மட்டும் அல்ல.

தரையை மட்டும் பார்த்து நடப்பது

காளான் தேடுபவர் பாதையில் நடப்பதில்லை; குனிந்த தலையோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து வளைந்து போகிறார். இருபது நிமிடத்தில் திசை போய்விடும். வண்டி நிற்கும் இடத்தைக் கருவியில் குறித்துவிட்டு இறங்குங்கள், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், பத்து நிமிடத்துக்கொரு முறை நிமிர்ந்து திரும்பிப் பாருங்கள். ஈர இலைமேல் சரிவு ஏறும்போது பிடிமானமுள்ள காலணி கட்டாயம். இலையுதிர் காலம் வேட்டைக் காலமும்தான். பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போடுங்கள். திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு எங்கும் உண்ணி தேடி, நுனிக் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள்.